நாலு மணி வீடு

தமிழ் படிக்கக் கொடைக்கானலுக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முதல் நாளில் நான் அ, ஆ நடத்துவதில்லை. விடைபெறச் சொல்லித் தருவேன். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவராக வாசலைத் தாண்ட வேண்டும். தாண்டும் முன் என் முகத்தைப் பார்த்து, "போயிட்டு வர்றேன்" என்று சொல்ல வேண்டும். "போறேன்" என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நழுவினாலும் விடமாட்டேன். கேட் வரைக்கும் போனவர்களைக்கூடக் கைதட்டிக் கூப்பிடுவேன். மழை கொட்டினாலும் திரும்பிப் படியேறி வந்து, சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். மூன்றே நாளில் அது நாக்கில் ஒட்டிக்கொள்ளும். படித்ததையெல்லாம் விமானத்திலேயே தொலைத்துவிடுகிறவர்கள்கூட இதை மறந்ததில்லை.

இதற்கென்று ஒரு சின்னப் பிரசங்கமும் வைத்திருந்தேன். எங்கள் ஊரில் யாரும் சும்மா கிளம்பிப் போவதில்லை, திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் படியிறங்குவார்கள் என்பேன். அதைக் கேட்டதும் எல்லோரும் மளமளவென்று நோட்டில் எழுதுவார்கள். பல வருஷம் இதையே சொல்லிப் பெயர் வாங்கியிருக்கிறேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

சீசன் கூட்டம் கீழே இறங்கியபிறகு எங்கள் வகுப்பு தொடங்கும். ஒரு பழைய பங்களா, ஆறு வாரம், பத்துப் பன்னிரண்டு மாணவர்கள், என்னையும் சேர்த்து மூன்று ஆசிரியர்கள். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து போர்டை நனைத்துவிடும், சாக்பீஸ் வழுக்கும். மாணவர்களை அனுப்புகிறவர் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர். அறுபதைத் தாண்டிய ஜெர்மன்காரர். அவர் பேசினால் அச்சடித்த புத்தகம் வாயைத் திறந்த மாதிரி இருக்கும். "தாங்கள் சிற்றுண்டி அருந்தினீர்களா?" என்று அவர் கேட்கும்போது எங்கள் சமையல்கார அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடுவார். அவர் மாணவர்களை இங்கே அனுப்புவார். பதிலுக்கு எங்களில் ஒருவர் அவருடைய ஊருக்குப் போய் ஒரு பருவம் பாடம் நடத்தலாம் என்று பேச்சு. அந்த வருஷம் அது என் முறை. வத்தலக்குண்டைத் தாண்டி மதுரை, மதுரையைத் தாண்டிச் சென்னை, அவ்வளவுதான் நான் பார்த்த உலகம். எனக்கு அந்த ஆசை எவ்வளவு இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

வகுப்பு மதியம் முடிந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வீடு. நாலு மணிக்கு அந்த வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். சும்மா பேச்சுத்தான். சோறு, மழை, முட்டிவலி, பக்கத்து வீட்டுச் சண்டை, எது வேண்டுமானாலும் பேசலாம். நாங்கள் அதை நாலு மணி வீடு என்போம். மற்ற ஆசிரியர்கள் ரிட்டையர்ட் தலைமையாசிரியர், பேங்க்காரர் என்று 'நல்ல தமிழ்' வீடுகளாகத் தேடுவார்கள். நான் ஒரு வீட்டை மட்டும் பிடிவாதமாகப் பட்டியலில் வைத்திருந்தேன். பெருமாள்மலைக்குக் கீழே, சிலோன் எஸ்டேட்டுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் இருக்கும் இடத்தில், தகரக்கூரை போட்ட ஒரு வீடு அது.

அந்த வீட்டு அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சின்னப் பிள்ளையாகக் கப்பலில் வந்தவர். தேயிலைக் காடும், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடும் கனவு மாதிரி ஞாபகம் இருக்கிறது என்பார். டீயை இன்னமும் தேத்தண்ணி என்றுதான் சொல்வார். புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரே மகள், இருபத்து மூன்று வயது. வத்தலக்குண்டில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் வேலை. வெள்ளனே ஆறு மணி பஸ்ஸில் இறங்கினால், பொழுது சாய்ந்துதான் மேலே வருவாள். அம்மாவுக்குப் பூண்டுக் காட்டில் வேலை. மூன்று மணிக்கு வீடு திரும்பி, மூட்டையைப் பிரித்து, பூண்டின் வேரையும் தாளையும் வெட்டிக்கொண்டே பேசுவார். அந்த வீட்டுக்குப் போய் வந்த மாணவர்களின் நோட்டுகூடப் பூண்டு மணக்கும்.

அந்த வருஷம் அங்கே அனுப்பியது, இருபத்து நாலு வயதுப் பெண் ஒருத்தியை. நெட்டையான உடம்பு. குளிரில் எப்போதும் மூக்கு சிவந்திருக்கும். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். ஐந்து நிமிஷம் தாமதமானால் அழுதுவிடுவாளோ என்று தோன்றும். நான் 'அக்கா' என்று கூப்பிடச் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாளே அந்த அம்மா, "என் மவ வயசு ஒனக்கு. அம்மான்னே கூப்புடு புள்ள" என்று மாற்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையில் மகளும் வீட்டில் இருப்பாள். மாணவியும் மகளும் சேர்ந்து பூண்டு வெட்டுவார்கள். இவள் ஒன்று வெட்டுவதற்குள் மகள் இருபது வெட்டிவிட்டு, "ஏக்கா, வெரசா வெட்டுக்கா, இன்னும் ஒரு மூட்டை கெடக்கு" என்று கேலி செய்வாளாம். இதையெல்லாம் அவள் திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று தமிழில் சொல்வாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்குப் பெருமையாக இருந்தது.

நாலாவது வாரம் அது நடந்தது. விடாமல் மழை. ஆறு மணி பஸ் வரவில்லை. கிளினிக்குக்கு நேரமாகிறதென்று அந்த அம்மாவின் மகள் காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்கிய வேனில் ஏறியிருக்கிறாள். ஒரு வளைவில் மண் சரிந்து கிடந்திருக்கிறது. வேன் கவிழ்ந்துவிட்டது. டிரைவருக்குக் கால் போனது, அவளுக்கு உயிர் போனது. பூண்டுக் காட்டில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் மதியம் எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் துக்கம் கேட்க அந்த மாணவியைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டிப் போவதா வேண்டாமா என்று மற்ற ஆசிரியர்கள் யோசித்தார்கள். போகாவிட்டால்தான் தப்பு என்று நான் சொன்னேன், அது சரியான பேச்சுத்தான். பஸ்ஸில் போகும்போதே பாடம் எடுத்தேன். பூ வாங்காதே, உங்கள் ஊரில்தான் அது. பிஸ்கட் பாக்கெட்டும் வேண்டாம். யாரைப் பார்த்தும் சிரிக்காதே. வணக்கம் சொல்லாதே. வருந்துகிறேன், மன்னிக்கவும் என்றெல்லாம் ஆரம்பிக்காதே. உள்ளே போய் அந்த அம்மா பக்கத்தில் தரையில் உட்கார். கையைப் பிடித்தால் பிடித்துக்கொள்ளட்டும். கட்டிக்கொண்டு அழுதால் அசையாமல் இரு. ஒவ்வொன்றுக்கும் அவள் தலையாட்டினாள். உள்ளே நுழைவது பற்றி ஒன்று விடாமல் சொல்லிக்கொடுத்தேன். வெளியே வருவது பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் சொல்லிக்கொள்வதில்லை. எழுந்து, திரும்பிப் பார்க்காமல், பேசாமல் வந்துவிட வேண்டும். வருகிறேன் என்று அந்த வீட்டில் சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். இது தமிழ்நாட்டில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை யார் யாருக்குச் சொல்லித் தருவார்கள்? யாரும் எனக்குச் சொல்லித் தந்ததாக எனக்கே ஞாபகம் இல்லை. எனக்கு அப்படி ஒன்று தெரியும் என்பதே அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

அவள் எல்லாம் சரியாகச் செய்தாள். தரையில் உட்கார்ந்தாள். அந்த அம்மா இவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அழவில்லை. மூன்று நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, ஒரு வார்த்தை பேச்சில்லை என்று பெண்கள் குசுகுசுத்தார்கள். சுவரில் மகளுடைய வெள்ளை யூனிஃபார்ம் தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதை எடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. அரை மணி நேரம் ஆனதும் நான் கண்ணைக் காட்டினேன். எழுந்தோம். பேசாமல் வெளியே வந்து செருப்பை மாட்டினோம்.

இரண்டு படி இறங்கியிருப்போம். அவள் நின்றாள். அந்த முகத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், எங்கள் பங்களா கேட்டில். ஐயோ மறந்துவிட்டேனே என்கிற முகம். என் கை அவள் தோளை எட்டுவதற்குள் திரும்பி ஏறிவிட்டாள். செருப்பைக் கழற்றி, வாசலில் நின்று, கையைக் கூப்பி, நான் பழக்கிய அதே உச்சரிப்பில், கடைசி ஆள்வரை கேட்கும்படி சொன்னாள்.

"போயிட்டு வர்றேன்மா."

அந்த அம்மாவின் நாத்தனார் மார்பில் அடித்துக்கொண்டு எழுந்தார். "அடிப் பாவி, எழவு வீட்டுல சொல்ற சொல்லா இது? யாரு இவளுக்குச் சொல்லிக்குடுத்தது?" என்று கத்தினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான், மூன்று நாளாக வாய் திறக்காத அந்த அம்மா தலையைத் தூக்கினார். வாசலைப் பார்த்து, "சரி, வா புள்ள" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். கூச்சலில் மற்றவர்களுக்குக் கேட்டதோ இல்லையோ, எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டது.

மறுநாள் காலையில் நாத்தனாரும் இரண்டு ஆண்களும் பங்களாவுக்கு வந்துவிட்டார்கள். "இனிமே அந்தப் பொண்ணு எங்க பக்கம் தலைகாட்டக் கூடாதுங்க. நீங்க பாடம் நடத்துற லச்சணம் இதுதானா?" என்று நாத்தனார் கேட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அன்று மாலைக்குள் இன்னும் இரண்டு 'நாலு மணி' வீட்டுக்காரர்கள், "எங்களுக்குச் சோலி இருக்கு, பிள்ளைங்கள அனுப்ப வேண்டாம்" என்று சொல்லியனுப்பினார்கள். மற்ற ஆசிரியர்கள் என் முகத்தைப் பார்க்காமல் காபி குடித்தார்கள். அந்த அம்மாவை நினைத்துக் கலங்கினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஜெர்மனி ஆசிரியருக்கு விஷயம் எப்படிப் போய்ச் சேருமோ, என் பயணம் என்னாகுமோ என்றுதான் கலங்கினேன்.

அவருக்கு நானே முந்திக்கொண்டு எழுதினேன். மாணவி அறியாமல் ஒரு வழக்கத்தை மீறிவிட்டாள், நான் நிலைமையைச் சரிசெய்துவிட்டேன், அவளை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டேன் என்று எழுதினேன். மூன்றுமே தப்பில்லாத வாக்கியங்கள்.

அவள் என்னைத் தேடி வந்தாள். கண் வீங்கியிருந்தது. "டீச்சர், நான் அந்த வீட்டுக்குப் போகணும். வர்றேன்னு சொன்னேன். அவங்க வான்னு சொன்னாங்க" என்றாள். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

"துக்கத்துல இருக்கறவங்க என்ன சொல்றோம்னு தெரியாமச் சொல்லுவாங்க" என்றேன்.

"தெரிஞ்சுதான் சொன்னாங்க. என்னைப் பார்த்துச் சொன்னாங்க."

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. "அந்தம்மாவுக்கு உன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கலைம்மா. அவங்களே என்கிட்ட சொல்லிட்டாங்க" என்றேன். இப்படி ஒரு பொய் அவ்வளவு சுலபமாக என் வாயிலிருந்து வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சரி டீச்சர்" என்றாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் என்று முன்பே சொன்னேன் அல்லவா. மிச்சம் இரண்டு வாரமும் பேங்க்காரர் வீட்டுக்குப் போய், அவர் சொன்ன இன்ஷூரன்ஸ் கதைகளையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தாள். கடைசி நாள் பிரிவு உபசாரத்தில் எல்லோரும் வரிசையாக வந்து "போயிட்டு வர்றோம்" என்றார்கள். அவள் வரிசையில் நிற்கவில்லை. முதல் ஆளாக டாக்சியில் போய் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

நான் ஜெர்மனிக்குப் போனேன். போகாமல் என்ன? குளிர்காலப் பருவம், ஒன்பது மாணவர்கள், நாலு மணிக்கே இருட்டு. அவள் தமிழை விட்டுவிட்டு வேறு ஏதோ பாடத்துக்கு மாறிவிட்டதாக அந்த ஆசிரியர் சொன்னார். "திறமைசாலி. ஏனென்று விளங்கவில்லை" என்றார். எனக்கு விளங்கியது, வாயைத் திறக்கவில்லை. முதல் வகுப்பு முடியும் நேரத்தில் அவர் பின்வரிசையிலிருந்து எழுந்து, "தங்களுடைய வாசல் பயிற்சியை நடத்துங்கள், நான் இவர்களிடம் மிகவும் புகழ்ந்திருக்கிறேன்" என்றார். நடத்தினேன். அந்த ஒன்பது பேரும் கதவைத் தாண்டித் தாண்டிச் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். தங்கும் அறைக்குப் போய் விளக்கைப் போடாமலே படுத்துக்கொண்டேன். அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் அடுத்த வகுப்புக்கு நாலு மணி வீடுகள் பிடிக்க வேண்டியிருந்தது. போன வருஷக் கதை பரவி, வழக்கமான வீடுகள் பின்வாங்கின. அந்த அம்மாவிடமே கேட்டுப் பார்த்தால் என்ன என்று போனேன். வெட்கம் கெட்டவள் என்று என்னைச் சொல்லுங்கள், மறுக்க மாட்டேன்.

நாத்தனார் போன வருஷம் காரியம் முடிந்ததுமே ஊருக்குப் போய்விட்டிருந்தார். அந்த அம்மா மட்டும் தரையில் உட்கார்ந்து பூண்டு வெட்டிக்கொண்டிருந்தார். யூனிஃபார்ம் இன்னும் சுவரில்தான் இருந்தது. "வாங்க டீச்சர்" என்று பலகையை நகர்த்திப் போட்டார். தேத்தண்ணி கொடுத்தார். வந்த விஷயத்தை நான் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அவர் கேட்டுவிட்டார்.

"அந்தப் புள்ள வர்றேன்னு சொல்லுச்சுங்களே டீச்சர், ஏன் வரல?"

அவர் கத்தியை நிறுத்தாமலே பேசினார்.

"எல்லாரும் கெளம்பிப் போயிட்டாங்க. நாலு மணியாச்சுன்னா ரெண்டு கிளாசு தேத்தண்ணி வச்சிருவேன். மேல பஸ்சு சத்தம் கேட்டா எட்டிப் பாப்பேன். ஊருக்குப் போறதுக்குள்ள ஒருக்கா வந்துரும்னு நெனச்சேன். எழவு வீட்டுல சொல்லக் கூடாதுதான், எனக்குத் தெரியாதா? ஆனா அன்னைக்கி அந்தக் கூட்டத்துல வர்றேன்னு ஒரு ஆளு சொன்னது எனக்கு எம்புட்டோ ஆறுதலா இருந்துச்சு டீச்சர்."

பூண்டைக் கூடையில் போட்டார். இன்னொன்றை எடுத்தார்.

"எம் மவளும் அன்னைக்கி வெள்ளனே, போயிட்டு வர்றேன்மான்னு சொல்லிட்டுத்தான் போனா. அவளும் சொல்லிட்டு வரல. இதுவும் சொல்லிட்டு வரல." வேரை வெட்டிக்கொண்டே கேட்டார். "அந்தப் புள்ளைக்கு எம்மேல ஏதும் கோவமுங்களா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். நான்தான் போகக் கூடாது என்றேன், நீங்கள் சொன்னதாகப் பொய் சொன்னேன். பாடமாக வைத்து நடத்தலாம், அவ்வளவு எளிய வாக்கியம். நான் சொன்னது, "அவளுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சும்மா, அதான் வர முடியலை" என்பது.

கத்தி நின்றது. "ஐயோ. இப்ப நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்கா."

"இருக்கட்டும் சாமி, அந்தப் புள்ளையாச்சும் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். அதுவும் நான் சொன்ன பொய்க்கு.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. வீடு பிடிக்க வந்தேன் என்பதைக்கூடச் சொல்லவில்லை. கிளாசை வைத்துவிட்டு எழுந்தேன். அந்த வீட்டில் நின்று எந்த வாயால் எதைச் சொல்வது? ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

இரண்டு படி இறங்கியிருப்பேன். அந்த அம்மா வாசலில் வந்து நின்று கூப்பிட்டார்.

"டீச்சர், என்ன இது, சொல்லாமப் போறீங்க?"

திரும்பினேன். மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. ஒரு கையில் கத்தி, ஒரு கையில் பாதி வெட்டிய பூண்டோடு அவர் காத்துக்கொண்டு நின்றார். நான் சொல்லாமல் அவர் உள்ளே போகப் போவதில்லை என்று தெரிந்தது.

"போயிட்டு வர்றேன்மா" என்றேன்.

"சரி, வாங்க" என்றார்.

பெருமாள்மலை வழியாக எத்தனையோ முறை பஸ்ஸில் மேலேயும் கீழேயும் போய்விட்டேன். அந்த வீட்டுக்கு நான் இன்னும் போகவில்லை.